இரட்டைக் கார்புரேட்டருக்கு ஒரு மனு

இன்ஜினை மாற்றியமைத்தால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறுபதுகளில் பெங்களூரில் அதை மதித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். மைத்துனன் தன் பழைய மாரிஸ் மைனர் காரில் இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தியதும், மூன்று பிரதிகளில் மனு அனுப்பினேன். கூடிய வேகத்துக்குப் பழைய பிரேக் போதவில்லை. பெரியதாக மாட்டப் போவதாகச் சொன்னான்.

“மனுவுல இல்லாததை மாட்டினா விவரம் பொய்யாயிடும். பதில் வரட்டும்” என்றேன்.

“சர்க்கார் ஆபீஸ்ல மட்டும் பிரேக் நல்லாப் பிடிக்குது மாமா” என்று சிரித்தவன், என் பேச்சுக்குக் கட்டுப்பட்டான்.

அடுத்த மாதம் ஒக்கலிபுரத்தில் வண்டி நிற்காமல் சுவரில் மோதி, அவன் முழங்கால் நொறுங்கியது. அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள்.

பிரேக்கை வலுப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் கடிதம் வந்தது, அவன் ஊன்றுகோலுடன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று.