முழங்காலில் இருந்த படிகம்

போன ஆடி மாதம் ஒரு காலையில் கட்டிலிலிருந்து இறங்கி, காலைத் தரையில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. முந்தின நாள் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துவிட்டு, கூட்டத்தில் நின்றபடி ராஜகீழ்ப்பாக்கம் வரை பஸ்ஸில் வந்தேன், அவ்வளவுதான்.

மனைவி புறங்கையை முழங்காலில் வைத்துப் பார்த்தாள். பிறகு நெற்றியில் வைத்தாள்.

"காய்ச்சலும் இருக்குங்க."

அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் முழங்கால் வீங்கியது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சீழ் பிடித்திருப்பது தெரியவந்தபோது மூட்டு பாதி அரித்துப்போயிருந்தது. ஆபரேஷன் செய்தும் அந்தக் கால் சரியாக மடங்குவதில்லை. இருவருமே அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டோ வந்தது. ஓட்டுநர் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இப்டி வீங்கிக்கீது. பள்ளம் வந்தா சொல்றேன், கம்பிய கெட்டியா புட்சிக்கோ" என்றார். தாம்பரம் போய்ச் சேரும்வரை, "பள்ளம் சார்" என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொன்னார். வழியெல்லாம் சொல்லிக்கொண்டேதான் வந்தார்.

மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் சின்ன வயசுக்காரர். காலை மெதுவாக அசைத்துப் பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு சார். உள்ள கிருமி போயிருக்கலாம். இல்ல, கவுட்டா இருக்கலாம். யூரிக் ஆசிட் மூட்டுல உப்பு மாதிரி படியறது. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மூட்டுக்குள்ள இருக்கற நீரை எடுத்துப் பாத்துடலாம்."

"கிருமியா இருந்தா?" என்று மனைவி கேட்டாள்.

"இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி மூட்டைக் கழுவணும்மா."

ஊசியில் மஞ்சளாக, கலங்கலாக நீர் ஏறியது. எனக்கு அது சீழ் என்றே பட்டது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வெளியே காத்திருந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மருத்துவரே வெளியில் வந்தார். "கிரிஸ்டல் இருக்கு சார். லேப்ல போலரைஸ்டு லைட்ல பாத்துட்டாங்க. கவுட்தான்."

நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுப்பவன். போலரைஸ்டு லைட், ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி, என்று கேட்டதும் வலியோடேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் ஒரு தடவை பாக்கலாமா டாக்டர்?"

"இப்ப இது தேவையாங்க?" என்றாள் மனைவி. ஆனாலும் சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

லேபில் இருந்த பெண் மருத்துவர் எங்கள் வயதுக்காரர். நுண்ணோக்கியை என் உயரத்துக்கு இறக்கி வைத்தார். இரண்டு ஒளி வடிகட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்ததில் வெளிச்சம் மொத்தமும் அடைபட்டு, பார்த்த இடமெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் மெல்லிய ஊசிகள் பளிச்சென்று மின்னின. அவர் இன்னொரு தகட்டைச் செருகியதும் பின்னணி ரோஜா நிறமானது. ஊசிகளில் சில மஞ்சள், சில நீலம். நுண்ணோக்கியின் சுழல் மேடையைத் திருப்பினார். மஞ்சளாக இருந்த ஊசி என் கண்ணெதிரே நீலமாக மாறியது.

இரட்டை ஒளிவிலகல். தண்ணீருக்குள் ஒளி எந்தப் பக்கம் போனாலும் ஒரே வேகம்தான். இந்த மாதிரிப் படிகத்துக்குள் நுழைந்தால் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போகும். வெளியே வரும்போது ஒன்று மற்றதைவிடப் பின்தங்கியிருப்பதால், அடைத்து வைத்த வடிகட்டியையும் கொஞ்சம் வெளிச்சம் தாண்டிவிடும். வருஷா வருஷம் கரும்பலகையில் கால்சைட் படிகத்தை வரைந்து, உள்ளே போகும் ஒரு கோட்டை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் கால்சைட் கிடையாது. இரட்டை ஒளிவிலகலை நானே பார்த்ததில்லை. முதன்முதலாகப் பார்த்தது என் முழங்காலிலிருந்து எடுத்ததை.

"செருகின தகட்டுல இருக்கற இந்தக் கோட்டோட ஒத்துப் படுத்திருக்கறப்ப மஞ்சளாத் தெரியுது பாருங்க, அப்படின்னா யூரிக் ஆசிட். அதே இடத்துல நீலமாத் தெரிஞ்சா வேற உப்பு" என்றார் அவர்.

மனைவியும் குனிந்து பார்த்தாள். "கலர் கோலப்பொடி சிந்தின மாதிரி இருக்கு" என்றாள். உடனே, "அப்ப கிருமி இல்லையா மேடம்?"

"சாயம் போட்டுப் பாத்ததுல எதுவும் தெரியலம்மா. ரெண்டும் சேந்தும் வரலாம்ங்கறதால கிருமி வளருதான்னு பாக்க கல்ச்சர் வெச்சிருக்கோம். அது வரட்டும். ஆனா நான் பயப்படல."

மாத்திரை கொடுத்து, காய்ச்சல் ஏறினால் உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள். வீக்கம் வடிய ஆரம்பித்தது. போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி மெல்ல மெல்ல விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனாலும் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் முகம் மாறும்.

லேபிலிருந்து போன் வந்தபோது அவள் உலையில் அரிசி போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்திருந்தாள். கேட்டுவிட்டு என்னிடம், "ஒண்ணும் வளரலையாம்" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். மருத்துவமனையில் வராத அழுகை அப்போது வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திருநீர்மலைக்கு வரேன்னு வேண்டிக்கிட்டேன். படி ஏறுவீங்களா?" என்றாள்.

"அடுத்த மாசம் ஏறலாம்."

உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அத்தனை நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமையலறையில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவளை எழுப்பவில்லை. நானே எழுந்து, சுவரைப் பிடிக்காமல் நடந்துபோய், அடுப்பை அணைத்தேன்.