பல்லில் கவ்விய பறி

எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் ஓர் இருளர் பெண்ணிடம், 1950களில், கரையில் நின்று பேச்சுக் கொடுப்பேன். பதிலுக்கு அவள் புருவம் மட்டும் ஆடும். இரண்டு கைகளும் சேற்றைத் தடவுவதால், பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியிருப்பாள்.

சுரங்கத்து இரும்புத்தாது ரயிலில் வந்து கரையில் குவிந்ததும் தண்ணீர் சிவந்தது, இறால் ஓடிப்போனது. அவள் தொலைவில் போய்ப் பிடித்தாள். ஆனாலும் திரும்பும்போது பழைய இடத்தையும் தடவிப் பார்ப்பாள்.

ஐப்பசி வெள்ளம் சிவப்பைக் கடலுக்கு அடித்துப்போன பிறகு ஒருநாள், பழைய இடத்தைத் தடவியவள், "நைனா, எறா வந்துகீது!" என்று கத்தினாள். வாய் திறந்ததும் பறி விழுந்தது. அன்றைய இறாலெல்லாம் நீந்திப் போயிற்று.

"அத்தனையும் போச்சேம்மா!" என்றேன்.

"போவட்டும் நைனா. வந்த ஒண்ணுக்குத் தொணை வோணாமா?"

கையிலிருந்ததையும் விட்டுவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் அதே இடத்தில் பறியைக் கவ்வி நின்றாள். சிரிக்க வைத்துவிடக் கூடாதே என்று நான் வாயே திறக்கவில்லை.