கரிப்பூவைத் தொடக் கூடாது

பிளீச்சிங் வாடையும் நிலக்கரிப் புகையும் ஒன்றாகத் தொண்டையில் கரகரவென்று இறங்குவதுதான் என் கோடை விடுமுறைகளின் வாசனை. எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு சலவைப்பட்டறையில், வெளுத்த பனியன் துணியை வெயிலில் விரித்துக் காயப்போடும் களத்தில், என் அக்கா சரசு வேலை செய்தாள். பாய்லரின் புகைபோக்கியிலிருந்து கடுகளவு கரித்துகள்கள் மிதந்து வந்து அந்த வெள்ளையின் மேல் உட்காரும், அவற்றை நாங்கள் "கரிப்பூ" என்போம்.

கரிப்பூவை ஊதித்தான் விரட்ட வேண்டும், விரல் பட்டால் எந்த மறுசலவையிலும் போகாத கோடாக இழுபட்டுவிடும் என்பது களத்துச் சட்டம். விடுமுறையில் உதவிக்குப் போகும் எனக்கு ஒரு முழம் தாண்டாது. அக்கா குனிந்து ஒரே மூச்சில் மூன்று முழம் ஊதிக்கொண்டே போவாள்; அந்த மூச்சுக்கு இன்றும் ஏங்குகிறேன்.

"உன்ற தம்பிக்கு ஊதறதுக்குச் சோறு பத்தலயாட்ட இருக்குது" என்று மேஸ்திரி கிண்டல் செய்வார்.

"படிச்சுப் படிச்சு மூச்சுத் தீந்துபோச்சுங்க" என்பாள் அக்கா.

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில் அவளை உள்ளே, புகை எட்டாத கூடத்தில் துணி மடிக்கும் வேலைக்கு மாற்றுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். அவளும் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது, நான் ஊதியும் நகராத ஒரு கரிப்பூவை, அவள் திரும்புவதற்குள் எடுத்துவிடும் வீம்பில் விரலால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நீண்டது. பயந்து சலவைத் தொட்டியோரம் போய் நின்றுகொண்டேன்.

"ஏம்புள்ள, இந்தக் கைய நம்பி உள்ள எப்படி உடறது?" என்று கறையைக் கண்ட மேஸ்திரி, திரும்பி வந்த அக்காவிடம் கத்தினார்.

அக்கா கறையைச் சற்று நேரம் பார்த்தாள். "தெரியாமப் பட்டுருச்சுங்க" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. மடிக்கும் வேலைக்கு வேறொருத்தி போனாள். அக்கா அதே புகைக்கடியில் பதினோரு வருடம் ஊதினாள், அந்தக் கூலியில்தான் நான் கல்லூரி வரை படித்தேன். துணியில் விழுந்தது கண்ணுக்குத் தெரிந்த கரி மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத சன்னப்பொடி காற்றெல்லாம் கலந்திருந்தது; ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்னும் அவள் நெஞ்சு நிறைய இழுத்தது அந்தக் காற்றைத்தான்.

களம் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் கார்மென்ட்ஸ் கட்டடம் நிற்கிறது. துணி மெஷினில் காய்கிறது. கரிப்பூ என்றால் என் பேரனுக்குத் தெரியாது. போன மாதம் வேலம்பாளையத்தில் தன் வீட்டில் அக்கா இன்ஹேலரை இழுத்துவிட்டு அமர்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும் கண்ணு… அந்த விரல் தடம்… அத்தனூண்டுதான இருந்துச்சு" என்றாள்.

அதைச் சொல்லி முடிக்க அவள் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.