பெண்ணாடம் மாமா கிணற்றில் விழுந்த பாடம்

பெண்ணாடம் மாமா என்று ஒருவர் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களும் கண் கலங்கிவிட்டு என்னிடம் வந்து சண்டை போடக் கூடாது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரின் மாடியில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "மேடம், வொக்காபுலரி எப்படி நடத்துறது?" என்று போன் செய்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புத்திமதி கடைசியில் வரும். அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம், ஆனால் ஒன்றும் விளங்காது.

1. மாமாவை உண்டாக்கியது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி தனசேகர் தன்னுடைய முறையைச் சொல்லிவிட்டார். "மேடம், நம்ம மெத்தட் சிம்பிள். ஒரு வேர்டு, ஒரு மீனிங், ஒரு எக்சாம்பிள் சென்டென்ஸ். அப்படியே மனப்பாடம் பண்ணிடணும். யோசிக்க வுட்டீங்கன்னா இங்கிலீஷ் வராது, பயம்தான் வரும்."

கடையில் விற்கிற புத்தகங்களைப் புரட்டினேன். எல்லா உதாரண வாக்கியத்திலும் ஒரு ஜான் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான், ஒரு மேரி பனியில் விளையாடிக்கொண்டிருந்தாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பனி எதற்கு? எரிச்சலில் நானே ஒரு மாமாவை உண்டாக்கினேன். ஊர் பெண்ணாடம், தொழில் கரும்பு.

ஸ்டபர்ன் என்றால் பிடிவாதம். 'மை அங்கிள் இஸ் எ ஸ்டபர்ன் மேன்.' ஸ்டிஞ்சி என்றால் கஞ்சம். 'மை ஸ்டிஞ்சி அங்கிள் நெவர் பைஸ் நியூ செப்பல்ஸ்.' மறுநாள் கேட்டால் ஒருவர்கூட மறக்கவில்லை. ஜானை மறந்தவர்கள் மாமாவை மறக்கவில்லை. "மாமாவுக்குக் கல்யாணம் ஆச்சா மிஸ்?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்லிப் என்ற வார்த்தைக்காக அவரைக் கிணற்றில் விழ வைத்தேன். ரிலக்டன்ட் என்றால் மனமில்லாமல் தயங்குவது. மேலேயிருந்து கயிறு போடுகிறார்கள், அவருக்குப் பிடிக்க மனமில்லை. 'மை அங்கிள் வாஸ் ரிலக்டன்ட் டு ஹோல்ட் தி ரோப்.' ரெஸ்க்யூ, அதாவது காப்பாற்றுவது, அந்த வார்த்தையை அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன். அதற்குள் இன்டர்வியூ வந்துவிட்டது. மாமா கிணற்றிலேயே நின்றுவிட்டார்.

2. இன்டர்வியூ

கடலூரில் புதிதாகத் திறக்கிற ஒரு கஸ்டமர் கேர் ஆபீஸுக்கு ஆள் எடுக்க, அவர்களுடைய ஹெச்.ஆர். எங்கள் சென்டருக்கே வந்தார். சென்னைக்காரர், பெயர் பிரபாகர். இளகிய மனசு. இவ்வளவு இளகிய மனசுக்காரரை யார் ஹெச்.ஆர். வேலைக்கு எடுத்தார்களோ தெரியாது.

என் கவலையெல்லாம் வெண்ணிலாவைப் பற்றித்தான். குறிஞ்சிப்பாடிப் பக்கம், கல்யாணமானவள், முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில் இருந்தவள். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். புருஷன் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், இந்த ஒரு இன்டர்வியூதான், கிடைக்கவில்லையென்றால் பழையபடி கொட்டை உடைக்கப் போக வேண்டும் என்று.

"கை போனா போவுது மிஸ்," என்பாள். "அங்க காலையில போய் ஒக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்த பேச முடியாது. மேஸ்திரி கத்துவாரு. எனக்குப் பேசுற வேல வேணும் மிஸ்."

இன்டர்வியூ என் வகுப்பறையில் நடந்தது. நடுவில் பிளைவுட் தடுப்புதான், அதனால் வெளியே இருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பிரபாகர் முதல் ஆளிடம், "டெல் மீ அபௌட் யுவர் ஃபேமிலி" என்றார்.

"மை அங்கிள் இஸ் எ ஸ்டபர்ன் மேன் சார். ஹி இஸ் இன் பெண்ணாடம்."

இரண்டாவது ஆளும் அதே மாமாவைத்தான் சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார் பிரபாகர். எதைக் கேட்டாலும் யெஸ் சொல்லு என்று தனசேகர் சொல்லி அனுப்பியிருந்தார். "யெஸ் சார்" என்றான்.

மூன்றாவது பெண் மாமாவைக் கிணற்றில் தள்ளினாள். பிரபாகரின் குரல் மாறியது. "எப்போ? இன்னைக்கா?"

"யெஸ் சார்."

அடுத்தவன் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, "உங்க அங்கிளும் பெண்ணாடம்தானா? கயிறு போட்டீங்களா இல்லையா?" என்றார்.

"சார், மை அங்கிள் வாஸ் ரிலக்டன்ட் டு ஹோல்ட் தி ரோப்."

"ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணீங்களா?"

"மை அங்கிள் இஸ் ஸ்டிஞ்சி சார்."

"அது ஃப்ரீதான்யா!" என்று கத்தினார் பிரபாகர்.

இப்படியே போனது. வந்த ஒவ்வொருவரையும் மாமாவை மேலே தூக்கச் சொல்லி அவர் கெஞ்சினார். ஒருவராலும் முடியவில்லை. அந்த வாக்கியத்தை நான் இன்னும் நடத்தவில்லையே! தலையில் அடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக வெண்ணிலா. அவள் உட்காருவதற்குள் பிரபாகர், "நீயாவது சொல்லும்மா. ஹவ் இஸ் ஹி நவ்?" என்றார். பாவம், அந்தக் கேள்விக்கு அவளிடம் பாடம் இல்லை. பதறிப்போய், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"எக்ஸ்பயர்ட் சார்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிரபாகர் எழுந்து நின்றிருக்கிறார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "மேடம், எல்லாரும் ஒரே ஃபேமிலின்னு நீங்க சொல்லவே இல்லியே. துக்கத்த மனசுல வெச்சிக்கிட்டு வந்துருக்காங்க. இன்டர்வியூ கேன்சல். நான் நேர்ல போய் ஒரு மாலை போடணும்."

இந்த இடத்தில் ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் தனசேகர் முந்திக்கொண்டார். "ஆமா சார். தங்கமான மனுஷன்."

3. பெண்ணாடம் பயணம்

பிரபாகருடைய காரில் முன்னால் அவரும் டிரைவரும். பின்னால் தனசேகர், நான், சாவைச் சொன்னவள் என்பதால் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வெண்ணிலா. ரோஜா மாலை, நல்ல கனம். புவனகிரி தாண்டியதும் தனசேகர் என் காதில் கிசுகிசுத்தார். "பயப்படாதீங்க மேடம். அவ்ளோ பெரிய ஊர்ல எங்கனா ஒரு சாவு இருக்காதா? போனோமா, மாலைய போட்டோமா, வந்தோமான்னு இருக்கணும்."

"நீங்கள்லாம் மனுஷன்தானா சார்?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து பிரபாகர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வெண்ணிலா மாலையின் நாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் நடக்காத சாவுக்கு ஒப்பாரி வைக்க வேண்டும்.

தனசேகருக்கு எங்கே மச்சமோ, பெண்ணாடத்துக்குள் நுழைந்ததும் நிஜமாகவே ஒரு சாவு வீடு இருந்தது. பந்தல், பறைச் சத்தம், வாசலில் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ். டிரைவர் காரை நிறுத்தினார். பிரபாகர் ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். அதில் இருந்தது மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள்.

"இது லேடி மாதிரி இருக்கே?"

தனசேகர் அசரவே இல்லை. "அவரு சம்சாரம் சார். தகவல் கேட்ட ஒடனே அவுங்களும்..."

"ஐயோ! ரெண்டு பேருமா?" பிரபாகர் கைக்குட்டையைத் தேடினார்.

அப்போதுதான் வெண்ணிலா பேசினாள். "சார். நோ அங்கிள். நோ ஆன்ட்டி. அங்கிள் ஐ கில். யூ ஆஸ்க், ஐ ஃபியர், ஐ கில். ஐ வான்ட் ஜாப் சார். ஐ டோன்ட் வான்ட் முந்திரி."

பிரபாகர் மெதுவாகத் திரும்பினார். திட்டப்போகிறார், போலீஸ் என்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப கெணத்துல வுழுந்தது?"

"மிஸ் வுழ வெச்சாங்க சார்."

அவர் அந்த ஃப்ளெக்ஸை இன்னொரு தடவை பார்த்தார். ஏமாந்த கோபத்தைவிட மாமா இல்லாத வருத்தம்தான் ஜாஸ்தியாக இருந்தது போலிருக்கிறது. பிறகு இறங்கி, மாலையைக் கொண்டுபோய் யாரென்றே தெரியாத அந்த அம்மாளுக்கே போட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் வெண்ணிலாவிடம், "சரி, சொல்லு. அவர் எப்படித்தான் மேல வந்தாரு? இங்கிலீஷ்ல சொல்லு" என்றார்.

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். என்னிடம் வாக்கியம் இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன்.

"லேடீஸ் கம் சார்," என்றாள். "கேஷ்யூ கம்பெனி லேடீஸ். ஆல் சாரி டை டுகெதர். புட் இன் வெல். அங்கிள் சே நோ, நோ. லேடீஸ் டோன்ட் ஷவுட். லேடீஸ் ஆஸ்க், அங்கிள், யூ ஈட்? யூ கோல்டு? ஸ்லோ ஸ்லோ டாக். தென் ஹி ஹோல்ட். தென் புல்!"

பிரபாகர் விடவில்லை. கிணறு எவ்வளவு ஆழம், மேலே வந்ததும் மாமா என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சேத்தியாத்தோப்பு வந்தது, போனது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அத்தனையும் தப்பு இங்கிலீஷ், அத்தனையும் அவளுடையது. இத்தனை மாதம் வகுப்பில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது.

சிதம்பரத்தில் இறக்கிவிடும்போது அவளிடம் சொன்னார். "எங்க கஸ்டமர்ஸ் எல்லாம் அந்த மாமா மாதிரிதாம்மா. கெணத்துல நின்னுக்கிட்டு கயிறு வேணாம்பாங்க. திங்கக்கெழமை கடலூர் வந்து ஜாயின் பண்ணிடு." மற்றவர்களுக்கு அடுத்த மாதம் மறுபடி இன்டர்வியூ வைப்பதாகச் சொன்னார். மாமா வரக் கூடாது என்பது மட்டும் கண்டிஷன்.

4. புத்திமதி

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை போர்டில் வார்த்தையை எழுதினேன், அர்த்தத்தை எழுதினேன், வாக்கியத்துக்கு இடத்தைக் காலியாக விட்டேன். தனசேகர் தினமும் வந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்து முறைத்துவிட்டுப் போவார். வகுப்பில் நீண்ட மௌனம் இருக்கும். அந்த மௌனத்தைப் பார்த்து நீங்கள் பயந்து ஒரு வாக்கியத்தை எழுதிப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

முதல் முறை அப்படிச் செய்தபோது வார்த்தை ஸ்டபர்ன். வெகுநேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளிநாடு போகிற ஆசையில் வந்திருந்த ஒரு எலக்ட்ரீஷியன், "எங்க வூட்ல யாரும் கெணத்துல வுழலயே மிஸ்" என்றார்.

"வேற என்னா பண்ணாங்க?"

யோசித்தார். "எங்கம்மா கரண்ட் ஆபீஸ் வாசல்ல ஒக்காந்துட்டாங்க மிஸ். புயலுக்கு அப்புறம். லைன் குடுத்தாத்தான் எழுந்திருப்பேன்னு."

"குடுத்தாங்களா?"

"எங்க தெருவுக்கே குடுத்தாங்க மிஸ்."

சாக்பீஸை அவர் கையில் கொடுத்தேன்.