டாக்டர் ஹால்வர்சனின் எட்டு வரிகள்

செஸ்டர் ஆல்வின் ஹால்வர்சன், 1927–2008. மினசோட்டா மாநிலத்தில், ஏரிக்கரையிலுள்ள எங்கள் மருத்துவக் கல்லூரியில் முப்பத்தோராண்டு ஆசிரியர். மூன்றாம் மாடிப் பொது மருத்துவக் கூடத்தின் பொறுப்பாளர். மனைவி ஆர்டிஸ், பிள்ளைகள் இருவர். புகையும் மதுவும் அவரை அண்டியதில்லை. அவரிடமிருந்த ஒரே தீய பழக்கம் பொறாமை. அதுவும் ஊர் உலகத்தின் மீதன்று; அடுத்த அறையில் அமர்ந்திருந்த இதயநோய் மருத்துவர் ஃபிலிப் பிரான்ட் ஒருவர் மீது மட்டுமே.

காரணம் பணமோ பதவியோ அன்று, பரிந்துரைக் கடிதம்.

நான்காம் ஆண்டு மாணவர்கள் மேற்பயிற்சி இடம் தேடிப் பதினைந்து, இருபது மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிப்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் ஆசிரியர்கள் எழுதிய மூன்று கடிதங்களே செல்லலாம். விவரமறிந்தவர்கள் ஐந்தாறு பேரிடம் கேட்டு வைத்துக்கொள்வார்கள். ஆனால் கடிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை தமக்கு வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவரின் கடிதத்தை எந்த மருத்துவமனையும் நம்பாது. ஆகவே, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல், எழுதியவரின் பெயரை மட்டும் கொண்டு மூன்றைத் தேர்ந்து, மருத்துவமனைக்கு ஒன்றாக மஞ்சள் அட்டைகளில் குறித்து, எங்கள் மாணவர் பதிவு அலுவலகத்தில் கொடுப்பார்கள். நகலெடுத்து உறையிலிட்டு அனுப்புவது என் வேலை.

பிரான்ட்டின் கடிதம் எட்டு வரி. ஒன்பதாம் வரி என்பது கிடையாது. அவருக்குப் பெயர் பெரிது; பெரும்பாலான அட்டைகளில் அவர் இருப்பார். ஹால்வர்சனின் கடிதம் இரண்டு பக்கம். எந்த நோயாளியிடம் மாணவன் எதைக் கவனித்தான், எங்கே தவறினான், தவற்றை எப்படித் திருத்திக்கொண்டான் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவற்றுள் பாதிக்குமேல் எங்கள் இழுப்பறையிலேயே தங்கிவிடும்.

ஆண்டுதோறும் அக்டோபரில், ஆர்டிஸ் சுட்ட லெஃப்ஸா என்னும் உருளைக்கிழங்கு ரொட்டியுடன் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வருவார்.

"வெர்னா, இந்த வருஷம் என் லெட்டர் எத்தனை போச்சு?"

"அதை நான் சொல்லக் கூடாது டாக்டர். உங்களுக்குத் தெரியாததா?"

"எண்ணிக்கை வேண்டாம்மா. ஃபிலுக்கு மேலயா, கீழயா? அது போதும்."

"லெஃப்ஸா இந்தத் தடவ ரொம்ப மெத்துன்னு வந்திருக்கு டாக்டர்."

"கீழதான். உன் மூஞ்சியே சொல்லுது."

1987 இலையுதிர் காலத்தில் மாரிட் டோலெஃப்சன் என்னும் மாணவி விண்ணப்பித்தாள். கப்பல் துறையில் பளு தூக்கும் எந்திரம் ஓட்டியவரின் மகள். இரண்டு மாதம் ஹால்வர்சனின் கூடத்தில் பயின்றவள். தம் பணிக்காலத்தில் அவளுக்கு நிகரானவரைக் கண்டதில்லை என்று அவரே சொல்வார். இரத்த நோய் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற சிகாகோ மருத்துவமனை ஒன்றில் சேர வேண்டும் என்பதே அவள் விருப்பம். அங்கே ஆண்டுக்கு ஒன்பது பேரையே எடுப்பார்கள்.

ஒருநாள் உணவகத்தில், நான் அடுத்த மேசையில் இருக்கையில், பிரான்ட் தட்டுடன் வந்து ஹால்வர்சனின் எதிரில் அமர்ந்தார்.

"என்னப்பா செட், உன் மாரிட் என்கிட்டயும் லெட்டர் கேட்டிருக்கா."

"கேக்கட்டுமே. அவ இஷ்டம்."

"நீ இன்னும் அந்தத் தொடர்கதையத்தான் எழுதிக்கிட்டிருக்கியா? ரெண்டு பக்கத்தை எவன்யா உக்காந்து படிப்பான்? எட்டு வரி எழுது. பெரிய மனுஷன் லெட்டர் சின்னதாத்தான் இருக்கும்."

ஹால்வர்சனின் காது மடல்கள் சிவந்தன. சூப்பை முடிக்காமல் எழுந்து போனார். அன்று மாலை மாரிட்டின் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசை மீது வைத்தார். உறை மெலிந்திருந்தது.

"ஒரு தாள்தானா டாக்டர்?"

"ஒரே தாள்தான். ஏன், ஃபிலுக்கு மட்டும்தான் சுருக்கமா எழுத வருமா?"

மறுவாரம் மாரிட் பதினாறு மஞ்சள் அட்டைகளைக் கொடுத்தாள். பதினாறிலும் முதற்பெயர் ஹால்வர்சன். மூன்றாம் பெயர் பிரான்ட். விதிப்படி நான் வாய் திறக்கவில்லை. அவரோ, தம் கடிதம் இழுப்பறையிலேயே கிடக்கிறதென்று எண்ணி, பிரான்ட்டின் அறைக்கதவைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

ஜனவரி இறுதியில், மாணவர் மதிப்பெண்களைத் தர அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, சிகாகோவிலிருந்து அவரைத் தேடித் தொலைபேசி வந்தது. பேசியவர் அங்கே தேர்வுக் குழுவுக்குத் தலைவரான டாக்டர் கிரான்ட்ஸ். குரல் உரத்தது, எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஹால்வர்சன், இந்தப் பொண்ணுகிட்ட என்ன குறை?"

"குறையா? ஒரு குறையும் இல்லையே!"

"அப்புறம் ஏன் எட்டு வரி? ஆறு வருஷமா உங்க லெட்டரைப் படிக்கிறேன். சுமாரான பையனுக்கே ரெண்டு பக்கம் எழுதுவீங்க. இதைப் பாத்துட்டு, சொல்றதுக்கு அவருக்கே ஒண்ணுமில்ல போலன்னு எங்க ஆளுங்க பேரை அடிச்சுட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

ஹால்வர்சன் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார்.

"பிரான்ட்டும் எட்டு வரிதானே எழுதியிருக்காரு?"

"அவரு எல்லாருக்கும் அதே எட்டு வரிதான். பேரு மட்டும் மாறும். எங்க டைப்பிஸ்டுக்கு மனப்பாடம். அவரைப் பாத்து நாங்க யாரையும் எடுக்கறதுமில்ல, தள்ளுறதுமில்ல. உங்களுக்கு என்ன ஆச்சு?"

ஹால்வர்சன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பக்கத்து ரூம்காரனைப் பாத்து எழுதிட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "பத்து நாள்ல பட்டியலை மூடுறோம். உங்க பழைய மாதிரி எழுதி அனுப்புங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இரண்டேகால் பக்கம். 'முந்தைய கடிதத்தின் குறை என்னுடையது; மாணவியினுடையது அன்று' என்று தொடங்கியது. அன்றே பதிவஞ்சலில் சேர்த்தேன்.

மார்ச்சில், எல்லா மாணவரும் ஒரே நண்பகலில் உறை பிரிக்கும் நாள். மாரிட்டின் உறையில் சிகாகோ இருந்தது. அவள் கூவிக்கொண்டு ஓடி வந்தாள். பிரான்ட் இரு கைகளையும் விரித்து முன்னே நின்றார். முதலில் அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியா செட்!" என்று ஹால்வர்சனின் முதுகில் அறைந்தார் பிரான்ட். "எட்டு வரி! சொன்னேனா இல்லையா?"

ஹால்வர்சன் உண்மையைச் சொல்வதானால், அவளுடைய இடத்தைக் கெடுக்கவிருந்தது தாமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஆமாம் ஃபில். நல்ல லெட்டர்" என்றார். நடைவழியில் என்னிடம் மட்டும், "அவன் கையை விரிச்சுக்கிட்டு முன்னாடி போய் நின்னதைப் பாத்தியா?" என்று கேட்டார்.

தம் கடிதங்கள் மதிக்கப்பட்டன என்று அறிந்ததனால் பொறாமை தணிந்திருக்கும் என்று எண்ணுவோர் அவரை அறியாதவர்கள். தம் கடிதமே மேலானது என்பது முன்பு வெறும் எண்ணம். இப்போது கையில் சான்றுண்டு, காட்டத்தான் வழியில்லை. கல்லூரி விருந்துகளில் பிரான்ட் அந்த எட்டு வரிக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இவர் புன்னகையுடன் ரொட்டியைப் பொடிப்பொடியாகப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

2007இல் பிரான்ட்டின் எண்பதாம் பிறந்தநாளுக்குப் பழைய மாணவர்கள் ஒரு மலர் வெளியிட்டார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில், 'டாக்டர் பிரான்ட்டின் சுருக்கமான சொற்கள் எனக்குக் கதவைத் திறந்தன' என்று மாரிட் எழுதியிருந்தாள். காலை எட்டு மணிக்கு ஹால்வர்சன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் படிச்சியா?"

"விட்டுத்தள்ளுங்க டாக்டர். இருபது வருஷமாச்சு."

"இருபது வருஷம் விட்டாச்சு. இனிமே முடியாது. எழுதிடப் போறேன்."

மாரிட்டுக்கு எழுதினார்; தம் எட்டு வரி, கிரான்ட்ஸின் தொலைபேசி, எதையும் மறைக்கவில்லை. அவமானத்தைவிடப் பொறாமை அவரிடம் வலிமை மிக்கதாயிருந்தது.

மாரிட்டின் பதில் பத்து நாளில் வந்தது. என்னை வீட்டுக்கு வரவழைத்துப் படிக்கச் சொன்னார். மலருக்கு ஏதேனும் எழுதும்படி கேட்டார்கள், எழுதினேன் என்றிருந்தாள். பதினாறு அட்டையிலும் அவர் பெயரையே முதலில் எழுதியதாகவும், தன்னை அறிந்தவர் அவர் ஒருவரே என்று அப்போதே தெரியுமென்றும் இருந்தது. முதற்கடிதத்தைப் பற்றி ஒரே வரி: 'சற்றுக் கோபம் வருகிறது, நாளை தணிந்துவிடும்.'

"இதை நீங்களே வெச்சுக்குங்க டாக்டர்" என்றேன்.

"வெச்சுக்கத்தான் போறேன். மூலத்தை."

நூலகத்துக்குச் சென்று தாமே நகலெடுத்து, தம் சொல் ஒன்றும் சேர்க்காமல் உறையிலிட்டு, பிரான்ட்டின் ஃப்ளோரிடா முகவரிக்கு அஞ்சலில் சேர்த்தார். அடுத்த வாரம் பக்கவாதம் கண்டது; அதன்பின் அவர் எழுதவோ வெளியே செல்லவோ இல்லை. அவர் கடைசியாக அஞ்சலில் சேர்த்தது அதுவே; நாள் 2007 நவம்பர் 9.