பிறை லீவு

லைன் போர்டில் எல்லோருக்கும் லீவு தேதி எண்ணில் இருந்தது. மீராசா பெயருக்கு நேராக மட்டும் ‘பிறை’ என்று எழுதியிருந்தது. எழுதியவன் மீராசாவேதான்.

சூப்பர்வைசர் ரகுநந்தன் அதை விரலால் தட்டிக் காட்டினார்.

“இது என்னா பாய்? சிஸ்டம்ல தேதிதான் ஏறும். பிறையெல்லாம் எடுத்துக்காது.”

“தேதி எனக்கே தெரியாது சார். இன்னைக்குச் சாயங்காலம் பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள். தெரியலன்னா நாளைக்கும் நோன்பு, நாளன்னைக்குத்தான் பெருநாள்.”

“காலண்டர்ல நாளைக்குத்தானே செவப்பா போட்டுகீது?”

“அது அச்சாபீஸ்காரன் போட்டது சார். அவன் பிறை பாக்கலையே.”

லைனே சிரித்தது. ரகுநந்தனும் சிரித்தார். ஆனால் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு இல்லை.

“ஏழு மணிக்கு ரோஸ்டரைப் பூட்டிடுவேன். அதுக்குள்ள ரெண்டுல ஒரு நாள் சொல்லிடு. ரெண்டு நாளும் கேக்காத. லீக் டெஸ்ட்டுக்கு உன்னையும் செல்வலட்சுமியையும் விட்டா எனக்கு ஆளு கெடையாது.”

அது உண்மைதான். காருக்குள் குளிர்ச்சி கொண்டுபோகும் குழாயில் காற்றை அடைத்து, தொட்டித் தண்ணீரில் இறக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற வேலை அது. கண் அசந்தால் போச்சு. பார்க்காமல் ஒரு குழாய்க்குக்கூட ஓகே முத்திரை குத்தமாட்டான் மீராசா. அவசர லோடு என்று மேலே இருந்து கத்தினாலும் குத்தமாட்டான். அதனால்தான் ஒரகடத்து லைனில் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் திட்டு.

கடையநல்லூர்க்காரன். ஐடிஐ முடித்த கையோடு பஸ் ஏறியவன். அதே லைனில் பேக்கிங் பார்க்கும் அம்பாசமுத்திரத்துப் பேச்சிராஜோடு மண்ணூரில் ஒரே அறை. மதிய இடைவேளையில் கை கழுவும் குழாயடியில் ஒளு செய்து, பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மேற்கே பெயின்ட் ஷாப் சுவரைப் பார்த்து லுஹர் தொழுவான். முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு சுத்தமான அட்டையை மடித்து அந்தத் தூணுக்குப் பின்னால் நிரந்தரமாகவே வைத்துவிட்டார்கள். ஹஜ் பற்றிப் பேச்சு வந்தால், “முதல்ல வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்கு லைன விட்டு வெளிய வர வழியப் பாப்போம், மக்கா பொறவு” என்பான்.

போன வருஷம் அவனும் காலண்டரை நம்பித்தான் லீவு எழுதினான். பிறை ஏமாற்றிவிட்டது. லீவு நாளில் நோன்பு. பெருநாளன்று தொட்டித் தண்ணீர். ஊரே புதுச்சட்டையில் தோளோடு தோள் நின்று தொழுதபோது அவன் காலரில் ஆயில் கறை. ஜமாத்தோடு நிற்கிற பெருநாள் தொழுகை போனால் போனதுதான், அடுத்தது ஒரு வருஷம் கழித்து. இந்த வருஷம் அதை விடுவதில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் ஷிப்ட் முடிந்து, பொழுது சாயும்போது அறையின் மொட்டை மாடியில் இருந்தார்கள் இருவரும். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், தூக்குவாளியில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. கஞ்சியில் பாதி பேச்சிராஜுக்கு. நோன்பு மீராசாவுக்கு, பசி பேச்சிராஜுக்கு என்பது அறையில் பழைய கேலி.

மீராசா மஃரிப் தொழுகையை முடித்து ஸலாம் கொடுப்பதற்கும் பேச்சிராஜ் கத்துவதற்கும் சரியாக இருந்தது.

“ஏலேய், அந்தா நிக்குல. தண்ணி டேங்குக்கும் கரண்ட் டவருக்கும் நடுவுல. நகத்த வெட்டிப் போட்ட மாதிரி.”

மீராசா பாய்ந்து வந்தான். டேங்க் இருந்தது. டவர் இருந்தது. நடுவில் ஒரு கறுத்த மேகம் அப்போதுதான் வந்து குந்தியிருந்தது.

“எங்கல?”

“இப்ப இருந்துச்சுல. எங்கம்மா சத்தியமா இருந்துச்சு.”

போன் அடித்தது. ரகுநந்தன்.

“பூட்டப் போறேன் பாய். பாத்தியா, இல்லியா?”

பேச்சிராஜ் கையாலும் காலாலும் சாடை காட்டினான். பாத்தேன்னு சொல்லு. ஒரு சொல்தான். சொன்னால் நாளைக்கு லீவு. பேச்சிராஜ் பொய் சொல்கிறவனும் இல்லை.

ஆனால் மீராசா சின்ன வயதில் முதலில் ஓதியதே சாட்சிச் சொல்தான். கலிமா என்பதே “நான் சாட்சி சொல்கிறேன்” என்று தொடங்குவது. அந்த வாயை வைத்துக்கொண்டு, அடுத்தவன் கண்ணால் பார்த்ததைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? குமிழி பார்க்காமல் முத்திரை குத்துகிற மாதிரி அது.

“இல்ல சார். நான் பாக்கல.”

“அப்ப நாளைக்கு டூட்டி. நாளன்னைக்கு லீவு. பூட்டிட்டேன்.”

போன் கட்டானது. பேச்சிராஜ் தலையில் அடித்துக்கொண்டான். “ஒன்ன மாதிரி ஒரு கூமுட்டைய நான் பாத்ததே இல்லல.”

“வண்டிய எடு.”

“எங்க?”

“ஏரிக்கரைக்கு. அங்க மேக்க மறைப்பு இல்ல.”

“அதான் பூட்டிட்டாரே. இனிமே பாத்து என்னத்துக்கு?”

“லீவுக்கா பிறை பாக்கோம்? யாராச்சும் பாத்துச் சொல்லணும்ல. எடுல வண்டிய.”

மண்ணூர்ச் சந்தில் அந்தப் பழைய பைக் அப்படி ஒருநாளும் பறந்ததில்லை. கன்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்து, டீக்கடை பெஞ்சை உரசி, ஒரு நாயின் சாபத்தை வாங்கிக்கொண்டு கரையில் ஏறியது. மீராசா ஓடினான். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. மேகத்தின் அடி விளிம்பு கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில், தோணி மாதிரி, கொம்பு இரண்டும் மேலே பார்க்க, மெலிசாக ஒரு கீற்று.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். இருந்தது.

“அல்லாஹு அக்பர்” என்றான். குரல் உடைந்தது.

“நான் சொன்னேம்லா” என்றான் பேச்சிராஜ். அவன் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது, ஏன் என்று அவனுக்கே தெரியாது.

மெயின் ரோட்டுப் பள்ளிவாசலில் கூட்டம் வாசலிலேயே நின்றது. நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி கையில் போனோடு இருந்தார். ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தவனை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க பாத்தே தம்பி?”

“ஏரிக்கரையில அத்தா.”

“கொம்பு எந்தப் பக்கம் இருந்திச்சி?”

“ரெண்டும் மேல பாத்து. தோணி மாதிரி.”

“கூட யாரு பாத்தது?”

“நான்தான் சார். இவனுக்கு முன்னாடியே” என்று முன்னால் வந்தான் பேச்சிராஜ்.

“பேரு இன்னாப்பா?”

“பேச்சிராஜ்.”

கூட்டம் சிரித்துவிட்டது. முத்தவல்லி அவன் தோளில் கைபோட்டார். “உன் கண்ணுல கொறையில்ல ராஜா. சாட்சிக்கு எங்க ஆளு ரெண்டு பேரு வேணும், அவ்ளோதான். வாலாஜாபாத்ல ஒருத்தர் பாத்துட்டாரு. இன்னொரு சாட்சி கெடைக்காமதான் நின்னுகினு இருக்கோம்.” மீராசா பக்கம் திரும்பினார். “நீ கண்ணாலயே பாத்தியா? உறுதியா?”

“கண்ணாலயே பாத்தேன். சாட்சி சொல்லுதேன்.”

போன்கள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து தலைமை காஜியின் முடிவு வந்தது. ஒலிபெருக்கி கரகரத்து, ‘அல்லாஹு அக்பர்’ என்ற தக்பீர் முழக்கம் ரோடு முழுக்கப் பரவியது. நாளைக்குப் பெருநாள். ஆள் ஆளைக் கட்டிப்பிடித்தார்கள். மீராசாவை நாலு பேர் தூக்கவே பார்த்தார்கள்.

அப்போதுதான் பேச்சிராஜ் காதில் சொன்னான். “ஊருக்கெல்லாம் பெருநாள் கொண்டாந்துட்ட. ஒனக்கு நாளைக்கு டூட்டில.”

மீராசா முகம் செத்தது. ரகுநந்தனுக்குப் போன் போட்டான்.

“பூட்டினது பூட்டினதுதான் பாய். கொஞ்சம் முன்னாடி பாத்தேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?”

“அப்ப பாக்கலையே சார்.”

குழாய் ஒவ்வொன்றிலும் மீராசாவின் ‘பார்த்தேன்’ என்ற முத்திரையை நம்பித்தான் ரகுநந்தன் கையெழுத்துப் போடுகிறார். “சிஸ்டம் என் கையில இல்லியே” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பேச்சிராஜ் சும்மா இருக்கவில்லை. நடந்ததை லைன் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டான். முதல் பதில் செல்வலட்சுமியிடமிருந்து. சங்கரன்கோவில்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

“பூட்டுனது லீவத்தான? பர்மிசன யாரும் பூட்டலையே. மீராசா அண்ணன் ரெண்டு மணி நேரம் பர்மிசன் போடட்டும். தொட்டியில நான் நிக்கேன். கொழாய்ல காத்து அடைக்க என் எடத்துல பேச்சிராஜ் நிக்கட்டும். பேக்கிங்க மத்தவங்க பாருங்க. என்ன சார், சரிதான?”

பர்மிஷன் என்பது கம்பெனி போட்ட பிச்சை இல்லை. மாதாமாதம் ஆளுக்கு உள்ள உரிமை. கேட்கத் தெரியாதவனுக்கு அது ரூல் புத்தகத்தில் கிடக்கும், கேட்டவன் கைக்கு வரும். லைனில் இருந்தவர்கள் வரிசையாகக் கட்டைவிரலைப் போட்டார்கள். கடைசியில் ரகுநந்தன்: “தொழுதுட்டு நேரா வா. பிரியாணி வந்தா கேட்ல நிறுத்த வேணாம்னு சொல்லி வெக்கிறேன்.”

தொழுகைக்கு முன்னால் பித்ரா கொடுத்தாக வேண்டும். பெருநாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்கக் கூடாது என்பதற்கான அரிசி. விடிந்ததும் பள்ளிவாசலுக்குப் பின்னால், கை உடைந்து வேலையில்லாமல் கிடக்கும் பீகார்க்காரர் வீட்டுக்குப் பை போனது.

“இது எதுக்குல?” என்றான் ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற பேச்சிராஜ்.

“நோன்புல விட்ட சில்லறைத் தப்ப எல்லாம் இது அடைக்கும்.”

“அப்ப என்னையத் திட்டுனதுக்கு ஒரு படி சேத்துப் போடு.”

அன்று காலை மீராசா ஜமாத்தில் நின்றான். வலத்தோளில் ஒரு லாரி டிரைவர், இடத்தோளில் முத்தவல்லியின் மருமகன். தக்பீர் ஒவ்வொன்றுக்கும் கை உயர்ந்தபோது உள்ளங்கால் வரைக்கும் சிலிர்த்தது.

பிறகு அதே புதுச்சட்டையோடு, லைனே திரும்பிப் பார்க்கிற அத்தர் வாசனையோடு உள்ளே வந்தான். போர்டில் அவன் பெயருக்கு நேரே ரகுநந்தன் கையெழுத்தில் இருந்தது: ‘பர்மிஷன். காரணம்: பிறை.’

செல்வலட்சுமி தொட்டியை விட்டு நகர்ந்தாள். “பெருநாள் வாழ்த்துண்ணே. ஒரு குமிழி தப்பல. பிரியாணி எங்க?”

“மத்தியானம் வருது தாயி.”

புதுச்சட்டையின் கையை முழங்கை வரை மடித்தான். அடுத்த குழாயைத் தண்ணீரில் இறக்கி, குனிந்து பார்த்தான்.