காத்துக்குக் காத்திருந்தோம்

எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: காத்து. முதுகு பிடித்தால் காத்து, தலை வலித்தால் காத்து. நான் ஐந்தாம் படிவப் பரீட்சையில் கோட்டை விட்டதற்குக் கூட அம்மா காத்தைத்தான் குற்றம் சொல்லியிருக்கும். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டவன்தான் நான். அப்பாவின் நெஞ்சில் வந்ததையும் காத்து என்றார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பந்திங்கில் எங்கள் வீடு; கேஎல்லுக்கு, அதாவது கோலாலம்பூருக்கு, ஒரு மணி நேர ஓட்டம். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறவர். நான் கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸில் போன் கவர் விற்கிறேன், அன்று லீவில் வீட்டில் இருந்தேன். காலைப் பசியாறலுக்கு உட்கார்ந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"அங்கின்தான், வேற ஒண்ணும் இல்ல," என்றது அம்மா. மலாயில் சொன்னால் காத்துக்கும் மரியாதை கூடிவிடும் போல. பக்கத்து வீட்டு ஆன்டி தைலப் பாட்டிலோடு ஓடி வந்தார். இருவரும் முதுகைத் தேய்த்த தேய்ப்பில் லோரிக்கே பெயின்ட் உரிந்திருக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா," என்றேன்.

"சும்மா இருடா. ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும்."

காத்திருந்தோம். கோயில் வாசலில் சாமி புறப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி, ஒரு ஏப்பத்துக்காக! சோடா கொடுத்தார்கள். கடைசியில் ஏப்பமும் வந்தது. ஆன்டி கையைத் தட்டினார். அப்பாவின் உதடு மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. அப்பாவைத் தூக்கிக் காரில் போட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலும் அம்மா விடவில்லை. "அங்கின் சாஜா, மிஸி," என்று நர்ஸிடம் சொன்னது, வெறும் காத்துதானாம். நல்ல வேளை, அந்த மலாய்க்கார அக்கா அம்மாவின் வாயைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். மாரடைப்பு. டாக்டர் ஒரு தமிழ்ப் பொண்ணு, என் வயதுதான் இருக்கும். "ரத்தம் கட்டிக் குழாய அடைச்சிருக்கு. அத பலூன் வெச்சுத் திறக்கற வசதி இங்க இல்ல. கேஎல் போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருந்தா இதயத் தசை செத்துப் போயிடும். அதனால கட்டியக் கரைக்கற மருந்த இங்கயே போட்டுடறோம்," என்றார். மூளையில் ரத்தம் கசிகிற ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதையும் ஒளிக்கவில்லை. போடச் சொன்னோம்.

மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கூடவே திமிரும் திரும்பியது.

"வலி போச்சு லா. நான் வீட்டுக்குப் போறேன்."

"அங்கிள், அடைப்புதான் கரைஞ்சிருக்கு. குழாய் சுருங்கின இடம் அப்படியேதான் இருக்கு, அங்க மறுபடியும் கட்டிக்கலாம். கேஎல்ல பலூன் வெச்சு விரிச்சு, அது மறுபடி சுருங்காம ஸ்டென்ட்டுங்கற வலைக்குழாய் வெச்சாதான் நல்லது. ஆம்புலன்ஸ் ரெடி," என்றார் டாக்டர்.

"இருந்த காத்த ஊசி போட்டு எடுத்துட்டீங்க. இப்ப பலூன்ல காத்தடிச்சு உள்ள விடப் போறீங்களா?"

மற்ற நாளாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று வந்தது கோபம்தான்.

"சரிப்பா, வாங்க வீட்டுக்கு. அம்மா தைலம் தேய்க்கட்டும், ஆன்டி சோடா ஒடைக்கட்டும். அடுத்த ஏப்பம் வர்றப்ப நீங்க இருக்கீங்களான்னு நான் பாத்துச் சொல்றேன்."

"வாய மூடுடா!"

அப்பா கட்டிலை விட்டுக் காலைக் கீழே தொங்கப் போட்டார். அதுவரை மூலையில் நின்றிருந்த அம்மா வந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டது. தைல வாசம் இன்னும் அதன் கையில் இருந்தது.

"ஏங்க, நீங்க வீட்டுக்கு வந்தாலும் நான் தேய்க்க மாட்டேன். இனிமே தேய்க்கவே மாட்டேன்."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை மேலே இழுத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்?" என்றார்.

கேஎல்லில் சுருங்கிய இடத்தை விரித்து வலைக்குழாய் வைத்தார்கள். வீடு திரும்பியதும் ஆன்டி தோசையோடு வந்தார். "ஊசியிலயே காத்து கலைஞ்சிருக்கும். சும்மா பலூன் வெச்சு விட்டுட்டானுங்க," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் வாயைத் திறப்பதற்குள், அப்பா பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!"

"அது உங்க தோசை, அக்கா," என்றார் அப்பா. "நாளைக்கு உங்க வீட்ல யாருக்காவது நெஞ்சு வலிச்சா, காத்துன்னு காத்திருக்காதீங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

நான் சொல்ல வைத்திருந்த வசனம் அது. அதையும் பிடுங்கிக்கொண்டார்.